மடி கேட்டு வந்த அழைப்பு

தாயும் தந்தையும் இல்லாதவன் என்று அடியார்கள் பாடிப் பரவிய பெருமானே, உன்னை வணங்குகிறேன். பிறவாதவனாகிய உன்னைத் தாலாட்டியவர் எவருமில்லை. மடியில் இருத்திக் காது குத்தியவரும் இல்லை. ஆயினும் உன் செவியில் குழை அசைகிறது. அது யார் மடியில் அமர்ந்து பெற்ற குழை என்று சிறுவயதில் நான் உன்னிடம் கேட்டதுண்டு. நீ விடை சொல்லவில்லை. ஆனால் உன் இளைய மைந்தனுக்கு அந்தக் குறையை நீ வைக்கவில்லை. திருமாலையே தாய்மாமனாக வாய்க்கச் செய்து, மால்மருகன் என்று உலகம் அவனை அழைத்து மகிழ வைத்தாய். மாமன் இல்லாத பிள்ளைகளைப் பற்றி எழுதப் புகும் எனக்கு நீயே துணை.

ஆவணித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, சித்திரை நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. முற்பகல் பத்தரைக்கு மேல் உச்சிக்குள் நல்ல வேளை. அந்த ஒரு வேளைக்காகவே பினாங்கிலிருந்து கடல் கடந்து, நான் பிறந்த காரைக்காலுக்குச் சென்றுவந்தேன்.

அழைப்பு தொலைபேசியில் வந்தது. அழைத்தவள் மலர்விழி, காரைக்காலில் ஒரு மருத்துவரிடம் செவிலியாகப் பணிபுரிபவள். வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து பெரியவர்களான சிலரைச் சேர்த்துக்கொண்டு, இப்போது அத்தகைய வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அக்காளாகவும் அண்ணனாகவும் நிற்பதே அவளுடைய விடுமுறை நாள் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றபோது அறிமுகமானாள். நானும் வளர்ப்புப் பிள்ளைதான் என்று அறிந்தவுடன் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். அவர்களுக்குள் நானே மூத்தவன்; ஆகையால் எல்லாருக்கும் மாமா.

"மாமா, ஒங்க மடி வேணும்" என்றாள்.

"மடியா?"

"தேன்மொழின்னு ஒரு பாப்பா. ஏழு வயசு. நெரவியில ஒரு வீட்ல வளருது. காது குத்தணும், மாமன் இல்ல. நீங்கதான் வந்து மடியில வச்சுக்கணும்."

வருகிறேன் என்றேன். அன்றுமுதல் ஒவ்வொரு காலையிலும் பூசைக்குப் பின் சம்மணமிட்டு அமர்ந்து பழகினேன். என் முழங்கால்கள் எழுபதைக் கடந்தவை. என் மனைவி அரிசி மூட்டையை மடியில் வைத்து ஒத்திகை பார்க்கச் சொன்னாள். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டி அதைச் சன்னல் வழியே கண்டு, "இவருக்கு என்ன தண்டனை?" என்று மலாய் மொழியில் கேட்டார். தண்டனையில்லை, பதவி என்றேன். நகைக்கடைத் தெருவில் ஒரு சோடிச் சிறு தோடு வாங்கி, திருநீற்றுப் பையோடு சேர்த்து முடிந்துகொண்டேன்.

விமானத்தைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் எழுத ஒன்றுமில்லை. காரைக்கால் பேருந்தில் ஏறிய பின்புதான் என் பயணம் பயணமாயிற்று.

திங்கட்கிழமை முற்பகல். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மையார், அவருடைய பேத்தி. பேத்தி பிரான்சில் பிறந்தவள் போலும். என்னையே உற்றுப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சு மொழியில் ஏதோ கேட்டாள். அம்மையார் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க. தாத்தா காதுல இருக்குறது நெச வைரமான்னு கேக்குறா."

"சிவப்புக் கல்தாம்மா. ஆனா வைரம்னே சொல்லிடுங்க, பெருமையா இருக்கட்டும்."

நன்னிலத்தைக் கடந்து சிறிது தூரத்தில் பேருந்தின் சக்கரம் வெடித்தது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்கி நெழல்ல நில்லுங்க. காரைக்கால் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார். பினாங்காக இருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவார்கள். இங்கே நடத்துநர் வறுத்த வேர்க்கடலை வாங்கி எல்லார் கையிலும் ஆளுக்கொரு பிடி வைத்தார். மன்னிப்பைவிட அது சுவையாகவே இருந்தது. வாய்க்காலில் நீர் நிறைந்து ஓடிற்று. அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டு ஒரு புங்கமரத்தடியில் நின்றபோது, சக்கரம் மெல்லவே சரியாகட்டும் என்று நினைத்தேன்.

காரைக்கால் பேருந்து நிலையத்தில் மலர்விழியும் சாதிக்கும் காத்திருந்தனர். சாதிக் ஆட்டோ ஓட்டுபவன், அவனும் வளர்ப்பு வீட்டில் வளர்ந்தவன், வாய் ஓயாதவன்.

"வாங்க மாமு. மடி பத்திரமா வந்துச்சா?"

"வந்துச்சு. முட்டிதான் வழியில கொஞ்சம் முனகுச்சு."

மலர்விழி சிரித்தாள். தலை நிறைய முல்லைப்பூ; காதுகளை மூடித் தழைய வாரிய கூந்தல். காற்றில் ஒருமுறை கூந்தல் விலகியபோது அவள் காது வெறுமையாக இருப்பதைக் கண்டேன். பினாங்கில் இளம்பெண்கள் ஒரே காதில் வரிசையாக வளையம் பூட்டுகிறார்கள். இது அதற்கு மறுதலையான நாகரிகம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"மலரக்கா காதுக்கு இயர்போன் மட்டுந்தான் நகை" என்றான் சாதிக்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றாள் அவள்.

அரசலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது கடற்காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் மீனின் மணமும் உப்பின் மணமும் இருந்தன. எனக்கோ அதற்குள் அத்தரின் மணமும் வீசிற்று.

என்னை ஈன்றவள் நான் பிறந்த சில நாட்களில் இறந்துபோனாள். தகப்பனார் வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. வளர்ப்புப் பராமரிப்பு என்னும் சொல் அக்காலத்தில் கிடையாது. பக்கத்து வீட்டு ஆமினாம்மா என்னை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். கடலை நோக்கிச் செல்லும் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. திங்கட்கிழமைகளிலும் கார்த்திகையிலும் எனக்கென்று தனிச்சட்டியில் மரக்கறி சமைப்பார். கோயில் மண்டபத்தில் நடந்த திருமுறை வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் அனுப்புவார். குளக்கரையில் முக்காடு இட்டுக் காத்திருந்து அழைத்துவருவார். வீட்டுக்கு வந்ததும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "எங்கே, இன்னிக்குப் படிச்சதச் சொல்லு" என்பார். பொருள் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் ஓர் அடியை விழுங்கினால், "இடையில ஒண்ணு கொறயுதே, வாப்பா" என்று நிறுத்துவார். சந்தம் இடறுவது அவர் காதுக்குத் தெரிந்துவிடும். நான் இன்றளவும் பாடல்களைப் பிழையின்றிச் சொல்கிறேன் என்றால், அது அந்த அரிசி முறத்தின் முன் கற்றது.

எனக்குக் காது குத்தும் வயது வந்தபோது, பூக்காரியை அனுப்பிக் குருக்களிடம் நாள் கேட்டுவரச் செய்தார். மாமனுக்கு எங்கே போவது? அவருடைய தம்பி காசிம் மாமா பினாங்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் கரைக்கு வந்த வாரத்திலேயே நாள் அமையும்படி பார்த்துக்கொண்டார். பொற்கொல்லர் கடையில் காசிம் மாமா அகலமான பச்சை அரைக்கச்சையோடு சம்மணமிட்டு அமர்ந்தார். என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி நெருங்கும்போது தன் உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினார். கையில் கப்பல் கயிற்றின் முரடு, சட்டையில் அத்தர். வலி எனக்கு நினைவில்லை. அந்த இருட்டு நினைவிருக்கிறது. அதைவிடப் பத்திரமான இருட்டை நான் பின்னொருபோதும் கண்டதில்லை.

நான் வந்து சேர்ந்த அன்று மாலை கடற்கரையில், ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே பிள்ளைகளைக் கூட்டியிருந்தார்கள். வழக்கமாக ஞாயிறுதான், எனக்காகத் திங்களில் ஒரு கூட்டம். பாடமோ உபதேசமோ அங்கே இல்லை. சாதிக் மணலில் அமர்ந்து, அடுத்த வாரம் புது வீட்டுக்குப் போகவிருக்கும் ஒரு சிறுமியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி தண்ணி தாகம் எடுத்தா, பானை எங்க இருக்கும்னு மொத நாளே கேட்டு வச்சுக்க. பாதி பயம் போயிடும்."

"கக்கூஸ் லைட்டு சுவிட்சு?"

"அது மீதிப் பயம். அதயும் கேட்டுடு."

இதை எந்தப் படிப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். இருட்டில் தாகத்தோடு விழித்துக் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு பையன் என்னைச் சுற்றிவந்து பார்த்தான். "நீங்களும் வளர்ப்பு வீடா? இவ்ளோ வயசான வளர்ப்புப் புள்ளயா?" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு ஏனோ அது பெருமகிழ்ச்சியாக இருந்தது. ஓடிப்போய் மற்றவர்களிடமும் சொன்னான்.

தேன்மொழி கடைசியாக வந்தாள். முன்பல் ஒன்று விழுந்த முகம். அருகில் வந்து என் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இந்த மடியா? எலும்பா இருக்கே."

"துண்டு மடிச்சுப் போட்டுக்குவோம்மா."

"சரி" என்று அனுமதி தந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் உண்டு, நெரவிக்குப் புறப்பட்டோம். இருபுறமும் குறுவை நெல் பச்சையாய் நின்றது. தேன்மொழியை வளர்ப்பவர்கள் கமலாவும் அவள் கணவரும். கணவர் வயலுக்குப் போயிருந்தார். காதுகுத்தில் எல்லாருக்கும் வழங்கும் காப்பரிசிக்குக் கமலா வெல்லம் இடித்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு மூங்கில் வந்து கிடந்தது. "எனக்குன்னு பொறந்திருந்தாக்கூட இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்வேனான்னு தெரியலைங்க" என்று எனக்கு மோர் கொடுத்தாள்.

பிள்ளையைப் பெற்றவள் செல்வி. தஞ்சாவூரில் மனநலச் சிகிச்சையில் இருக்கிறாள். தேறிவருகிறாள். காதுகுத்துக்கு ஏற்கெனவே சம்மதம் தந்திருந்தாள். நல்ல வேளையைச் சொல்லி வாழ்த்துக் கேட்க எண்ணி, மலர்விழி அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து எல்லார் காதிலும் விழும்படி வைத்தாள்.

"மலரு, நல்லாருக்கியா? தேனு சாப்புட்டாளா?" மெதுவான, தெளிவான குரல்.

"சாப்புட்டாக்கா. வியாழக்கெழம பத்தரைக்கு மேல. ஒங்க வாழ்த்து வேணும்."

"அது எப்பவும் இருக்கு. என் தம்பி லீவு சொல்லிட்டானா?"

இடித்துக்கொண்டிருந்த உலக்கை நின்றது.

"எந்தத் தம்பிக்கா?"

"எனக்கு எத்தன தம்பி? முருகேசன்தான். கீழவாஞ்சூர்ல கரி லாரி ஓட்டுறான். அவன் மடி இல்லாம எப்படிக் குத்துவீங்க?"

தொலைபேசி அணைந்தது. முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த தேன்மொழிதான் திரும்பினாள்.

"லாரி மாமாவா? அவங்க வந்தா தெருமொனையில மூணு தடவ ஹாரன் அடிப்பாங்களே. பாம், பாம், பாம்னு."

"ஏன்டி, மாமா இருக்காங்கன்னு நீ சொல்லவே இல்ல?" என்றாள் கமலா.

"யாருமே கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.

மலர்விழி வாசற்படியில் அமர்ந்துவிட்டாள். "எங்க யாருக்குமே மாமன் இருந்ததில்ல மாமா. அதனால அவளுக்கும் இருக்க மாட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டோம். கேக்கணும்னே தோணல" என்றாள். மாமனைக் கண்டு வளர்ந்த எவரும் முதலில் கேட்டிருக்கும் கேள்வி, மாமனைக் காணாதவர்களுக்குத் தோன்றாமலே போயிற்று. எனக்கும் தோன்றவில்லை.

கமலாவின் முகம் மாறிவிட்டது. "மாமன்னு ஒருத்தன் வந்து மடியில வச்சுக்குவான். நாளக்கி, என் அக்கா புள்ளன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா? மூணு வருஷமா ஒரு எட்டு வந்து பாக்காதவன்! வேணாம் மலரு. ஐயா கடல் தாண்டி வந்திருக்காரு. அவரு மடியிலயே நடக்கட்டும்."

"அக்கா, அந்தப் புள்ளைக்கு ஒரு மாமன் இருக்கப்ப நாம வேற மாமனக் கொண்டாந்து வச்சா, அவ அம்மா திரும்பி வந்து நம்மள என்னா நெனைப்பாங்க?"

"நாளத் தள்ளிப் போடச் சொல்றியா?"

மலர்விழி எழுந்து அவளருகே வந்தாள். பின்பு கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

"தள்ளிப் போட்டா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்க்கா. நான் வளந்தது மூணு வீடு. மூணு பேரும் நல்லவங்கதான். சொந்தக்காரங்க வந்து முறையாக் குத்தட்டும்னு மூணு பேருமே விட்டுட்டாங்க. ஒருத்தரும் வரல. அதுக்கப்பறம் பெரியவளாயிட்டேன், போயி தனியா கடையில குத்திக்க மனசு வரல. தேனுக்கு அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் அவசர அவசரமா நாளு பாத்தேன். அந்த அவசரத்துலதான் அவ சொந்த மாமன விட்டுட்டேன்."

முந்தைய நாள் நான் நாகரிகம் என்று எண்ணிய வெறுங்காதை அப்போதுதான் உண்மையில் கண்டேன்.

கமலாதான் முடிவு சொன்னாள். "போயிக் கூப்புடுங்க. வியாழக்கெழம உச்சிக்குள்ள வந்தா அவன் மடி. வரலன்னா ஐயா மடி. நாளு மட்டும் மாறாது."

எனக்குள் ஒரு சிறு வாட்டம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஒரு மாதம் பழகிய முழங்கால்கள் அல்லவா. ஆனால் கமலாவின் வாட்டத்துக்கு முன் என்னுடையது தூசு.

புதன்கிழமை சாதிக்கின் ஆட்டோவில் கீழவாஞ்சூர் சென்றோம். திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டியதும் சாலையோரத்து எருக்கஞ்செடிகள்கூடக் கறுத்துக் கிடந்தன. துறைமுக வாயிலை நோக்கித் தார்ப்பாய் போர்த்திய நிலக்கரி லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. என் வெள்ளை வேட்டி சிறிது நேரத்தில் சாம்பல் நிறமாயிற்று. நெற்றித் திருநீறு மட்டும் நிறம் மாறாதிருந்தது. நடுவழியில் ஆட்டோ இருமிக்கொண்டு நின்றுவிட்டது. "கரித்தூள் தின்னு தின்னு இதுக்கு ஆஸ்துமா வந்துடுச்சு மாமு" என்று சொல்லிச் சாதிக் இறங்கினான். லாரி லாரியாகக் கேட்டுக்கொண்டே நடந்தோம். ஓர் ஓட்டுநர் கீழே குனிந்து, "யாருங்க, முருகேசனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா? நல்ல பையன், தூக்கிட்டுப் போங்க" என்றார்.

முருகேசன் முப்பது வயதுக்குள் இருப்பான். லாரியின் நிழலில் அமர்ந்து தயிர்சோறு உண்டுகொண்டிருந்தவன், மலர்விழி சொல்லி முடிப்பதற்குள் பாத்திரத்தை மூடிவிட்டான்.

"நாளு வச்சாச்சு, பந்தல் போட்டாச்சு, மாமனும் வெளிநாட்லேருந்து வந்தாச்சு. அப்பறம் என்னா, கரி அள்ளவா நானு?"

"தப்பு எங்க மேலதாங்க" என்றாள் மலர்விழி. "அதச் சொல்லத்தான் வந்தோம்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இறங்கிக் குரல் தாழ்ந்தது. "அக்காவ ஆசுபத்திரியில சேத்தப்ப நான் ஒரிசாவுல வண்டில இருந்தேங்க. வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அப்பறம் ஒரு நா பள்ளிக்கூடத்து வாசல்ல போயி நின்னேன். அந்தம்மா பாப்பாவுக்கு ரிப்பன் கட்டி விட்டுட்டு இருந்தாங்க. நல்ல சட்ட, நல்ல செருப்பு. எனக்கு இந்த கேபின்தான் வீடு. எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்புடுறது? திரும்பிட்டேன்."

"என்ன மடியில வச்சுக் காது குத்துன மாமாவுக்குக் கப்பல்தான் வீடு" என்றேன். "அவரு மடி ஒண்ணும் கொறஞ்சு போயிடல."

அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். துறைமுக வாயிலில் மணி அடித்து வரிசை நகர்ந்தது. லாரியில் ஏறியவன், "நாளக்கி லோடு இருக்கு. முடிஞ்சா பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

வியாழக்கிழமை. நெரவியில் பந்தலுக்குக் கீழே கோலம், குத்துவிளக்கு, தாம்பாளத்தில் காப்பரிசி. பத்தரை கடந்தது. வந்தவர்கள் முதலில் விசிறிக்கொண்டார்கள்; பிறகு கைக்கடிகாரம் பார்த்தார்கள். அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி, "மாமன் வராரா, மந்திரி வராரா?" என்றாள். பொற்கொல்லரான ஆசாரி கம்பியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். தேன்மொழி பட்டுப்பாவாடையில் வந்து என்னருகே அமர்ந்தாள்; தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்விழி வாசலை விட்டு அசையவில்லை.

உச்சிக்கு அரைமணி இருக்கையில் கமலா வந்தாள். "ஐயா, நீங்க உக்காருங்க. இதுக்கு மேல தாங்காது." அவள் குரலில் வெற்றி இல்லை, அவளும் தெருமுனையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

நான் துண்டை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டேன். முழங்கால் ஒலித்தது. பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி சந்தனத்தால் இரு காதிலும் பொட்டு வைத்தார். மனத்துக்குள் மால்மருகனை நினைத்தேன். நினைத்த வண்ணமே இருந்தேன்.

பாம். பாம். பாம்.

மடியிலிருந்தவள் எப்போது எழுந்தாள் என்று நானறியேன். சந்தனப் பொட்டோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

தெரு குறுகல், லாரி வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டது. முருகேசன் குளித்துப் புதுச்சட்டை போட்டு, தலைமேல் தாம்பாளத்தைச் சுமந்து நடந்துவந்தான். நகத்திடுக்கில் மட்டும் கரி. தேங்காய், பழம், ஒரு சோடிச் சிறு தோடு, பாவாடை சட்டை. "வாஞ்சூர் முக்குல லாரி ஒண்ணு கவுந்துடுச்சு. வயக்காட்டு வழியாச் சுத்தி வந்தேன்" என்றான், மன்னிப்புக் கேட்பவனாய்.

தேன்மொழி பாவாடையை எடுத்து உதறினாள். அது நான்கு வயதுப் பிள்ளைக்கான பாவாடை. அவன் கடைசியாகத் தூக்கிச் சுமந்த பிள்ளையின் அளவு அது. அவன் பாவாடையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

கமலா அதை வாங்கினாள். இரண்டாக மடித்து, தேன்மொழியின் தோள்மேல் மேலாடைபோல் போட்டுவிட்டாள். "மாமன் சீரு. ஒடம்புல இருந்தாப் போதும்" என்றாள்.

"அக்கா" என்றான் முருகேசன் அவளிடம். "பாப்பா இங்கதான் இருக்கணும். அவ அம்மா தேறி வர்ற வரைக்கும். நான் மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாக்கலாமா?"

கமலா மூக்கை உறிஞ்சினாள். "மாமன் வர்றதுக்கு யாரு டோக்கன் குடுக்குறா? வரும்போது சாப்புடாம மட்டும் வாங்க. இப்ப உக்காருங்க, நேரமாவுது."

அவன் மடியில் அவள் அமர்ந்தாள். ஆனால் ஆசாரி கம்பியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். "தம்பி, புள்ள ஆடல. ஒங்க மடிதான் ஆடுது."

உண்மைதான். அத்தனை பெரிய வண்டியை ஓட்டும் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் அவன் பின்னால் அமர்ந்து, என் முதுகை அவன் முதுகோடு சேர்த்து முட்டுக்கொடுத்தேன். நடுக்கம் என் எலும்புக்குள் வந்து தணிந்தது. முதற்காதுக்குத் தேன்மொழி அழவில்லை. இரண்டாவதற்கு அழுதாள். மாமன் இரண்டுக்கும் அழுதான். காப்பரிசி ஊரெல்லாம் போயிற்று.

பந்திக்கு இலை போடத் தொடங்கியபோது ஆசாரி கருவிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வேட்டி மடிப்பிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்தேன். பினாங்குத் தோடு அதற்குள் அப்படியே இருந்தது.

"பாவம், மாமு வந்த வேல நடக்கல" என்றான் சாதிக். "அவ்வளவு பழகுன முட்டி!"

 மலர்விழி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு என்னருகே வந்து நின்றாள். முல்லைச்சரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"ஆசாரி, கம்பி இன்னொன்னு இருக்குங்களா?"

"இருக்குதும்மா. யாருக்கு?"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "மாமா, ஒங்க மடி சும்மாத்தானே இருக்கு?"

நான் மறுபடியும் சம்மணமிட்டேன். இம்முறை முழங்கால் முனகவில்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அக்காளாக நிற்கும் அந்தப் பெண் தரையில் அமர்ந்து என் மடியில் தலை சாய்த்தாள். தேன்மொழி ஓடிவந்து, "அது எலும்பா இருக்கும், இந்தாங்க" என்று தன் தோளிலிருந்த சிறு பாவாடையை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தாள். கமலா சந்தனம் இட்டாள். உச்சி தாண்டவில்லை, நல்ல வேளை இன்னும் மிச்சமிருந்தது.

ஆசாரி நெருங்கியபோது, என்னையறியாமல் என் கை எழுந்து அவள் கண்களைப் பொத்திற்று. என் கையில் கப்பல் கயிற்றின் முரடு இல்லை, அத்தரும் இல்லை, சந்தனமும் திருநீறும்தான். அவளுடைய இமைகள் என் உள்ளங்கைக்குள் இருமுறை துடித்து, பின்பு அமைதியாயின.

இதைப் படித்தவர்களே, உங்கள் இல்லங்களில் பிள்ளைகளின் காது நிறையட்டும். உங்களுக்கு மாமன் இருந்தால் அவர் நீடு வாழட்டும். இல்லையெனில், சுற்றுவழியாகவேனும் ஒருவர் வந்து சேரட்டும். உரிய வயதில் கிட்டாத மடி உங்களில் எவருக்கேனும் இருந்தால், நல்ல வேளை முடிவதற்குள் அது உங்களுக்கும் கிட்டுவதாக. காதில் குழை அசைய நிற்கும் அந்தப் பிறவாப் பெருமான் உங்கள் அனைவரையும் தன் நிழலில் வைத்துக் காப்பானாக.